ஊறுகாய் பாட்டில் கேமரா

மார்ச் 22, ஞாயிறு

மருமகள் தமயந்தி கொடுத்த டைரி இது. கோயம்புத்தூரில் அவள் வேலை பார்க்கும் பேட்டரி வண்டிக் கம்பெனியின் பெயர் அட்டையில் தங்க எழுத்தில் மின்னுகிறது. "மாமா, வாயால சொல்றதையெல்லாம் இதுல எழுதி வைங்க. நாங்க அப்புறமா பாதியாக் குறைச்சுப் படிச்சுக்கிறோம்" என்றாள். வாய்த்துடுக்கு. இரண்டரை மாதமாக டீ டம்ளருக்கு அடியில் வைக்கத்தான் பயன்பட்டது. இன்றுதான் எழுதும்படியான சங்கதி வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை, தமயந்தியின் அம்மா, அதாவது என் தங்கை பஞ்சவர்ணத்தின் மல்லிகைத் தோட்டத்து ஆழ்குழாய் போரில் மோட்டார் உள்ளே விழுந்துவிட்டது. குழாயின் அடி மூட்டு கழன்றுவிட்டதாம். அப்படிக் கழன்றாலும் மோட்டார் போய்விடாமல் பிடித்துக்கொள்ளத்தான் கூடவே ஒரு நைலான் கயிறு கட்டி இறக்குவது. அந்தக் கயிறும் கைவிட்டுவிட்டது. இருபது ஆள் பலத்தில் குழாயை மேலே இழுத்தோம். ஆட்கள் ஐந்து பேர்தான்; அதில் நான் ஒருவன், மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மஞ்சள் கயிறும் வந்தது. முனையில் மோட்டார் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த மோட்டாரைக் கட்டி இறக்கியவன் நான். முப்பத்திரண்டு வருடமாகக் கோயில் கோபுரத்தில் தொங்கிக்கொண்டு சீரியல் செட் விளக்கு கட்டுகிறவன். என் முடிச்சு ஒன்றுகூட இதுவரை அவிழ்ந்ததில்லை. ஆகவே கட்டில் குறை இருக்க வழியில்லை. கயிறு வாங்கிக் கொடுத்தது தங்கையின் வீட்டுக்காரர், மாப்பிள்ளை சின்னக்காளை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியதாயிற்று.

"கயிறு சொத்தை மாப்ள. கட்டு என்ன பண்ணும்?"

மாப்பிள்ளை கயிற்றின் முனையைக் கையில் எடுக்க வந்தார். அதற்குள் நான் தீக்குச்சி கொளுத்தி முனையை உருக்கி வழவழப்பாக்கி விட்டேன், பிரியக் கூடாதென்று. எதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

பஞ்சவர்ணம் பிடித்துக்கொண்டாள். "கயிறு வாங்கப் போன மனுசன் இழுத்துப் பார்த்து வாங்க மாட்டியா? பூ சீசன் வரப்போகுது, வயிறு எரியுது எனக்கு!"

மாப்பிள்ளை குனிந்து செடியில் ஒரு களையைப் பிடுங்கினார். பேசாத மனிதர்.

மார்ச் 24, செவ்வாய்

போருக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற வண்டி திண்டுக்கல்லில் இருக்கிறது. அவனுக்கு போன் போட்டால், சித்திரை கடைசியில்தான் வர முடியுமாம். ஊர் ஊருக்கு மோட்டார் விழுந்து கிடக்கிறது. உள்ளே மோட்டார் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறதென்று பார்க்காமல் கொக்கி போட்டால், சிக்கினதும் கெட்டு போரே அடைத்துக்கொள்ளும். அதற்குள் செடி காய்ந்துவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிறார். அது வேருக்கு வாய் கொப்புளிக்கத்தான் காணும்.

இதைப் பேச மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தார். ராமுத்தாய், என் மனைவி, கை கழுவத் தண்ணீர் கொடுத்தாள். வாசல் கொடியில் காய்ந்த துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். துண்டைத் திரும்பப் போடும்போது கொடியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார்.

"கொடி நல்ல கயிறா இருக்கே மச்சான்."

"கிடந்துச்சு மாப்ள, கட்டினேன்" என்றேன்.

டீ குடித்துவிட்டுப் போனார்.

மார்ச் 25, புதன்

கேமரா வண்டி எதற்கு? நானே செய்கிறேன். முடிவு.

மார்ச் 26, வியாழன்

நிலக்கோட்டைக்குப் போனேன். கார் பின்னால் போகும்போது பார்ப்பதற்கென்று ஒரு குட்டி கேமராவும் ஏழு அங்குலத் திரையும் விற்கிறார்கள். போருக்கும் காருக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று பின்னால் போகிறது, ஒன்று கீழே போகிறது. கடைக்காரர், "பழைய கருப்பு வெள்ளை ஸ்கிரீன் ஒண்ணு கிடக்கு, பொழப்பு ஓடும், எடுத்துக்கிறீங்களா?" என்றார். இந்தத் தவசிமணி கையில் கருப்பு வெள்ளையா? "கலர் குடுங்க. உள்ள இருக்கிறது இருக்கிற நிறத்துல தெரியணும்" என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது.

கேபிள் டி.வி. காலத்து ஒயர் முந்நூறு அடி பரணில் இருக்கிறது. திரைக்கு மின்சாரம்தான் பிரச்சினை. மோட்டார் ஷெட்டில் இருப்பது த்ரீ பேஸ். அதில் இந்தத் திரையைச் சொருகினால் திரையும் போகும், சொருகியவரும் போவார். ஆகவே பேட்டரி. கழுத்தில் மாட்டிக்கொண்டு எந்தக் காட்டுக்கும் போகிற மாதிரி.

மார்ச் 29, ஞாயிறு

என் மொபெட்டின் பேட்டரியைக் கழற்றித் திரைக்குக் கொடுத்தேன். படம் வந்தது! ராமுத்தாய் மூக்குத்தி கல்கூடத் தெரிந்தது. பழைய பேட்டரி, பதினைந்து நிமிடம் ஓடியது. நான் அரை மணி நேரம் என்று சொல்லியிருக்கிறேன். பிறகு மொபெட் கிளம்பவில்லை. உதைத்துப் பார்த்து, தள்ளிப் பார்த்து, தள்ளிக்கொண்டே தங்கை ஊர் வரைக்கும் மூன்று கிலோமீட்டர் போனேன். உடற்பயிற்சி.

பஞ்சவர்ணம் வீட்டில் சாப்பிடும் நேரம். எனக்கு முட்டைக் குழம்பு வைத்தாள். மாப்பிள்ளை தட்டில் கஞ்சியும் எலுமிச்சை ஊறுகாயும்.

"அவருக்கு?" என்றேன்.

"கயிறு வாங்கத் தெரியாதவங்களுக்கு இது போதும்."

மாப்பிள்ளை ஊறுகாயை நக்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். முட்டைக் குழம்பில் உப்பு கொஞ்சம் கூடுதல் போலிருக்கிறது, எனக்கு இறங்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

செத்துப்போன லேப்டாப் பேட்டரியை உடைத்தால் உள்ளே விரல் மொத்தத்தில் ஆறு செல் இருக்கிறது. பாதிக்கு மேல் இன்னும் உயிரோடு. ரிப்பேர் கடையிலிருந்து இரண்டு பெட்டி வாங்கி வந்தேன். மூன்று செல்லை வரிசையாக வைத்தேன், திரை ஓடியது. மூன்றுக்கே இப்படி என்றால் ஆறு வைத்தால் இரண்டு மடங்கு நேரம் ஓட வேண்டுமில்லையா? சீரியல் செட்டில் பல்பு கூடக் கூடக் கரண்டைப் பங்கு போட்டுக்கொண்டு சாந்தமாக எரியும். மூன்று பேர் சுமையை ஆறு பேர் தூக்கினால் யாருக்கும் களைப்பில்லை. ஆறையும் ஒன்றன் பின் ஒன்றாக வைத்து ஒயரைத் தொட்டேன்.

திரை ஒரு கணம் கோயில் தேர் மாதிரி ஜொலித்தது. பிறகு ஓரத்தில் நூல் மாதிரிப் புகை வந்தது. ராமுத்தாய் அடுப்படியிலிருந்து, "என்னங்க தீயுது?" என்றாள். "விஞ்ஞானம்" என்றேன்.

தமயந்திக்கு போன் போட்டேன், அவளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று சோதிக்க.

"ஆறு செல்லையும் எப்படி மாமா வச்சீங்க?"

"ஒண்ணு பின்னால ஒண்ணு. சீரியல் செட்டு மாதிரி."

"அய்யோ மாமா! பல்பை வரிசையா வச்சாத்தான் பங்கு போட்டுக்கும். பேட்டரியை வரிசையா வச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திக்கிட்டே போகும், நீங்க கதை சொல்ற மாதிரி. பன்னெண்டு வோல்ட் ஸ்கிரீனுக்கு இருபத்திநாலு குடுத்திருக்கீங்க."

"சரி, அப்ப நேரம் நீடிக்கணும்னா?"

"மூணு மூணா ரெண்டு வரிசை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல சேர்த்துக் கட்டுங்க. அம்மா ரெட்டைச் சரம் கட்டுவாங்கள்ல, அது மாதிரி. நீளம் கூடாது, கனம் கூடும்."

சரியாகத்தான் சொன்னாள். சின்ன வயதில் சதுர பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லி இவளுக்கு மின்சாரம் கற்றுக் கொடுத்ததே நான்தான்.

ஏப்ரல் 1, புதன்

இன்று எழுத ஒன்றுமில்லை. திரை திரைதான்; போனால் போகட்டும்.

ஏப்ரல் 3, வெள்ளி

கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "போன வாரம் வாங்கின ஸ்கிரீன் நல்லா ஓடுதா?" என்றார். "அவ்வளவு நல்லா ஓடுது, இன்னொண்ணு கேக்கிறாங்க" என்றேன். அந்தக் கருப்பு வெள்ளை இன்னும் அங்கேயே தூசியோடு கிடந்தது. மறுபடி கேட்டார். மறுபடி கலர்தான் என்றேன்.

இரட்டைச் சரமாகக் கட்டினேன். இது நானே கண்டுபிடித்த முறை என்று கடைத்தெருவில் நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன். தமயந்தி இதைப் படிக்கும்போது பெரிதுபடுத்த வேண்டாம். திரை தொடர்ந்து இரண்டு மணி இருபது நிமிடம் ஓடியது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். இதில் ஒரு நிமிடமும் கூட்டவில்லை. கூட்டத் தேவைப்படாத எண் ஒன்று வாழ்க்கையில் எனக்கு வாய்த்திருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

கேமரா தண்ணீருக்குள் நனையாமல் இருக்கக் கண்ணாடிக் கூடு வேண்டும். பஞ்சவர்ணம் வீட்டில் ஊறுகாய் பாட்டில் காலியாகிவிட்டது. "பதினஞ்சு நாள்ல முழு பாட்டிலும் தீர்ந்துருச்சுண்ணே, வேற என்ன, அதான் அவருக்குத் தினம்" என்று சொல்லிக் கொடுத்தாள். கேமராவுக்கென்று தனியாக மூன்று செல், சுற்றிலும் வெள்ளை விளக்கு, எல்லாம் பாட்டிலுக்குள். பாட்டிலின் அடிப்பாகம் கேமராவின் கண். மூடியில் ஒயர் நுழையும் ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்தேன். கீழே இழுக்க இரும்பு நட்டு இரண்டு.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் பார்த்தோம். திரை முழுக்க மஞ்சளாகக் கலங்கலாக ஏதோ மிதந்தது. "பாதாள லோகம்" என்றேன். ராமுத்தாய் எட்டிப் பார்த்து, "நல்லெண்ணெய். பாட்டிலைச் சீயக்காய் போட்டுக் கழுவலை நீங்க" என்றாள்.

கழுவினோம். இரண்டாம் முறை தொட்டியின் மூலையில் பளபளவென்று ஒன்று. போன பொங்கலுக்குக் காணாமல் போன எவர்சில்வர் கரண்டி! அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரியோடு மூன்று மாதமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ராமுத்தாய் கரண்டியைத் துடைத்து அடுப்படியில் வைத்தாள். பிறகு அரை டம்ளர் காப்பித்தூளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். "பொங்கலுக்கு முன்னாடி கைமாத்தா வாங்கினது" என்று சொல்லிக் கொடுத்தாளாம். வாங்கவே இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

வெயிலில் திரை தெரியவில்லை. என் முகம்தான் அதில் தெரிகிறது. அது அழகுதான், ஆனால் மோட்டார் தெரியாது. டி.வி. வந்த அட்டைப்பெட்டியை எடுத்து ஒரு பக்கம் தலை நுழையும் அளவு வெட்டினேன். உள்ளே திரை, கீழ்த் தட்டில் இரட்டைச் சரம், கழுத்தில் மாட்ட பழைய பெல்ட். தலையை உள்ளே விட்டால் சினிமாக் கொட்டகை. ஒரே ஒரு தலைதான் கொள்ளும். பார்க்கிறவர் சொல்வதுதான் மற்றவர்களுக்குப் படம்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு வெள்ளோட்டம்.

ஏப்ரல் 8, புதன்

ஊரே திரண்டுவிட்டது. மாப்பிள்ளை பதினோரு பேர் என்கிறார். ஆடுகளை அவர் எண்ணவில்லை.

பெட்டிக்குள் தலையை விட்டேன். மாப்பிள்ளை ஒயரைப் பிடித்து அடி அடியாக விட்டார். பத்து அடிக்கு ஒரு சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். நான் உள்ளிருந்து நேர்முக வர்ணனை: "நாப்பது... செம்மண்ணு முடியுது... பாறை! கருங்கல்லு, நல்ல வைரம் பாஞ்ச கல்லு... நூறு... ஒரு தவளை உட்கார்ந்திருக்கு, நம்மளைப் பாக்குது..." தவளை இல்லை. ஆனால் கூட்டத்துக்கு ஏதாவது வேண்டுமே.

"நூத்தி அறுபது! தண்ணி!"

வெளியே விசில் பறந்தது. பஞ்சவர்ணம் "ஆத்தா மாரியாயி" என்றது அட்டைப்பெட்டிக்குள் கேட்டது. தண்ணீருக்குள் பாட்டில் இறங்கியது. கண்ணாடி மாதிரித் தெளிவு. நூற்று எண்பது, இருநூறு, இருநூற்றுப் பத்து.

அத்தோடு பேட்டரி தீர்ந்துவிட்டது.

"என்னண்ணே தெரிஞ்சுச்சு? மோட்டார் தெரிஞ்சுச்சா?"

"பேட்டரி அவுட்டும்மா. ஒரே கருப்பு."

"இருபது நிமிசம்தானே ஆச்சு மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு மணி நேரம் ஓடும்னீங்க. பெட்டிக்குள்ள வெளிச்சம் இப்பவும் தெரியிற மாதிரி இருக்கே."

"அது வெயில் மாப்ள."

கூட்டம் கலைந்தது. பஞ்சவர்ணம் ஒரு செடியின் இலையைக் கிள்ளி என் கையில் வைத்தாள். அப்பளம் மாதிரி நொறுங்கியது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 9, வியாழன்

பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். நிறைந்துவிட்டால்தான் பச்சை விளக்கு எரியும். போட்டவுடனே எரிந்தது. சார்ஜர் பழுது.

வாசல் கொடியை அவிழ்த்துப் பரணில் போட்டேன். ராமுத்தாய் ஈரத் துணி வாளியோடு வந்து நின்றாள்.

"கொடி எங்க?"

"பழசாயிருச்சு."

"ரெண்டு வருசம்தானே ஆகுது கட்டி?" என்றவள் விரலை மடக்கி எதையோ எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏங்க... அதுக்கு முன்னாடி இருந்த பச்சைக் கொடிக்கயிறு என்ன ஆச்சு? அதை அப்புறம் நான் பார்க்கவே இல்லையே?"

எனக்கு நிலக்கோட்டையில் அவசர வேலை இருந்தது. போய்விட்டேன்.

கருப்பு வெள்ளைத் திரையில் எல்லாக் கயிறும் ஒரே நிறமாகத்தான் இருக்கும். கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார்.

ஏப்ரல் 10, வெள்ளி

தங்கை தோட்டத்துக்குப் போனேன். மாப்பிள்ளை பக்கத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு செடிக்கு ஒரு சொம்பு. அறுநூறு செடி. (எண்ணிப் பார்த்தேன், நானூற்றுப் பத்து. இதைச் சரியாகவே எழுதுகிறேன்.) தோள் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தார்.

"என்ன மச்சான், பேட்டரி ஏறிருச்சா?"

"ஏறுது மாப்ள."

"மெதுவா ஏறட்டும். உங்க பெட்டி இல்லேன்னா நான் சித்திரை வரைக்கும் குடம்தான்."

நானும் ஒரு குடம் தூக்கினேன். மூன்றாவது செடியிலேயே மூச்சு வாங்கியது. ஊருக்கு வரும் வழியில் வெல்டிங் கடையில் நின்று பாதாளக் கரண்டி ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். கிணற்றில் வாளி விழுந்தால் போட்டுத் துழாவுகிற அதே கொக்கிக் கொத்துதான், போர் ஓட்டைக்குத் தக்கபடி சின்னதாக.

மோட்டாரின் மேல் தொங்கிக்கொண்டு ஒரு முடிச்சு நிற்கிறது. முஷ்டி பெரிதாக. அதன் கீழே கொக்கி மாட்டினால் வழுக்காமல் தூக்கிவிடலாம். அவ்வளவுதான் இப்போதைக்கு எழுத முடியும்.

ஏப்ரல் 11, சனி

காலை எட்டு மணிக்குப் போய்விட்டோம். ராமுத்தாயும் வந்தாள், வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. கொக்கியைக் கயிற்றில் இறக்கித் துழாவுவது என் வேலை. கை உணர்ச்சி வேண்டிய காரியம், அங்கே வேறு யாருக்கும் வராது. அப்படியானால் திரையை வேறு ஒருவர் பார்த்து வழி சொல்ல வேண்டும்.

பஞ்சவர்ணம், "நான் பார்க்கிறேன், குடு" என்று கை நீட்டினாள்.

நான் பெல்ட்டைக் கழற்றி மாப்பிள்ளை கழுத்தில் மாட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்களே பாருங்களேன் மச்சான். கொக்கியை நான் பிடிக்கிறேன்."

"என் கண்ணுல தூசி மாப்ள."

தலையை உள்ளே விட்டுக்கொண்டார். பஞ்சவர்ணம் பாட்டிலின் ஒயரை விட்டாள், நான் கொக்கியை இறக்கினேன். அவர் வர்ணனை சொல்லவில்லை. அவருக்கு அந்த வித்தை கிடையாது. நூறு போனது, நூற்று அறுபதில் தண்ணீர் வந்தது, எதற்கும் பேச்சில்லை. இருநூற்றுப் பத்து என்று டேப் வந்ததும் கொக்கிக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன். அட்டைப்பெட்டி அசையாமல் இருந்தது. ஒரு பாட்டு பாடி முடிக்கும் நேரம்.

"மச்சான்."

"சொல்லு மாப்ள."

"பச்சையா ஒரு கயிறு தெரியுது. மேல பெரிய முடிச்சு ஒண்ணு." கொஞ்சம் நிறுத்தினார். "கொக்கியை இடது பக்கம் ஒரு விரல் அளவு தள்ளுங்க."

தள்ளினேன்.

"இன்னும் கொஞ்சம். இப்ப இறக்குங்க. இறக்குங்க... நில்லுங்க. இப்ப இழுங்க, மெதுவா."

கையில் கனம் தெரிந்தது. அந்தக் கனம் தெரிந்த சந்தோஷத்தை எழுத எனக்கு எழுத்து போதாது. ஏழு பேர் பிடித்தோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சேறு அப்பிய மோட்டார் கன்றுக்குட்டி மாதிரி போர் வாயில் தலை நீட்டியது. விசில், கைதட்டு. பஞ்சவர்ணம் மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சேலையெல்லாம் சேறு.

பிறகு அவள் கண்ணில் அது பட்டது. மோட்டாரின் வளையத்தில் கட்டியிருந்த முப்பது அடி பச்சைக் கயிறு.

"இது என்ன பச்சை? நீ வாங்கினது மஞ்சள்ல?"

மாப்பிள்ளை பெட்டியிலிருந்து தலையை எடுத்தார். தலைமுடியெல்லாம் அட்டைத் தூள். "கடைக்காரன் ஒட்டுக் கயிறு குடுத்துட்டான் போல. உள்ள சுத்தி இருந்துச்சு, நான் பார்க்கலை" என்றார்.

"பார்க்கலையா! எதைத்தான் பார்க்கிற நீ? கண்ணைக் கடையில வச்சுட்டு வந்தியா? இத்தனை நாளா காய்ஞ்சு..."

அப்போது அங்கே யாரோ, "அது நான் கட்டினதும்மா" என்றார்கள். குரல் என்னுடையது மாதிரியே இருந்தது.

பஞ்சவர்ணம் திரும்பினாள்.

"அவர் வாங்கினது நல்ல கயிறு. முழுக் கயிறு. முப்பதடி மிஞ்சும்னு நினைச்சு வெட்டி வீட்டுக்குக் கொடி கட்டிட்டேன். இறக்கும்போது பத்தலை. பழைய கொடிக்கயித்தை அடியில ஒட்டுப் போட்டேன். ஒட்டு அவிழ்ந்துருச்சு."

ராமுத்தாய் வானத்தைப் பார்த்தாள். பதினோரு பேரும் ஆடுகளும் என்னைப் பார்த்தார்கள்.

பஞ்சவர்ணம் என்னைத்தான் அடிக்க வருகிறாள் என்று நினைத்தேன். அவள் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "அடப் பாவி மனுசா! இருபது நாளா கஞ்சியும் ஊறுகாயுமா ஊத்துனேனே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா நீ?"

"ஊறுகாய் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் மாப்பிள்ளை.

முதலில் சிரித்தது ராமுத்தாய். அப்புறம் எல்லாரும். என் தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு என்னிடம் வந்து, சேற்றுக் கையால் என் தலையில் ஒரு கொட்டு வைத்தாள். அறுபது வயதுக்காரனை. வலித்தது. நல்ல வலி.

ஒன்றை மட்டும் பதிவு செய்ய வேண்டும். மஞ்சளை விட்ட அந்த முடிச்சு பச்சையை விடவில்லை. கொக்கி மாட்டினது அதில்தான். பாதி முடிச்சு மோட்டாரைக் கீழே போட்டது, மீதிப் பாதி மேலே கொண்டு வந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் அரை முடிச்சு அவிழ்ந்திருக்கிறது, அவ்வளவே.

ஏப்ரல் 13, திங்கள்

மோட்டாரைக் கழுவிப் பழுது பார்த்து இறக்கினார்கள். புதுக் கயிறு, ஒரே நீளம். மாப்பிள்ளை கயிற்றை என் கையில் கொடுத்து, "நீங்களே கட்டுங்க மச்சான்" என்றார். கட்டினேன். பஞ்சவர்ணம் தலைக்கு மேல் நின்று முடிச்சை எண்ணினாள். நான்கு போட்டேன்.

தண்ணீர் வந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. தங்கையும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். தமயந்தியும் கோயம்புத்தூரிலிருந்து வந்து, பெட்டிக்குள் தலையை விட்டு இரட்டைச் சரத்தைப் பார்த்துவிட்டு, "சுத்தமா பண்ணியிருக்கீங்க மாமா" என்றாள். கம்பெனிக்காரி வாயால் கேட்டது. கடைத்தெருவில் நான் சொன்னது அவள் காதுக்கும் போயிருக்கிறது. "கண்டுபிடிச்சவர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கணும்" என்று டைரியை நீட்டினாள்.

மாப்பிள்ளை பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றுச் சுருளை எடுத்து ராமுத்தாயிடம் கொடுத்தார். "இந்தாம்மா. கொடி இல்லாம துணியெல்லாம் வேலியில காயுதே."

நான் மெதுவாகக் கேட்டேன். "மாப்ள, எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"அன்னிக்குக் கை தொடைச்சேனே, அந்தக் கொடியில. நான் இழுத்துப் பார்த்து வாங்கின கயிறு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க வெக்கப்பட்டு எங்க ஊர்ப் பக்கமே வர மாட்டீங்க. நீங்க வேற ஸ்கிரீனு, பேட்டரின்னு ஆரம்பிச்சுட்டீங்க. எனக்கு மோட்டார் வேணும்ல மச்சான்."

பேசாத மனிதர் என்று எழுதியிருந்தேன். பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

சாப்பாட்டுக்கு நடுவில் போன் வந்தது. பக்கத்து ஊரில் ஒரு தென்னந்தோப்பில் மோட்டார் விழுந்துவிட்டதாம், ஊறுகாய் பாட்டில்காரர் வருவாரா என்று கேட்கிறார்கள். நாளைக் காலை போகிறோம். பெட்டி மாப்பிள்ளை கழுத்தில், கொக்கி என் கையில்.

சாயங்காலம் கொடி கட்டினோம். முப்பது அடி, சரியாக. வேப்ப மரத்துப் பக்கம் நான் கட்டினேன், தூண் பக்கம் மாப்பிள்ளை கட்டினார். ராமுத்தாய் ஈரப் போர்வையைப் பிழியாமலே தூக்கிப் போட்டுச் சோதித்தாள். இரண்டு முனையும் நின்றன. என் பக்கம் அரை சாண் இறங்கியது. போர்வை அந்தப் பக்கம் கனம் கூடுதல்.